தொண்ணூறு அங்குல வண்டியும் வீரப்ப ஆசாரியும்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் ரோட்டில் வீரப்ப ஆசாரியின் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் பெரிய பட்டறை இல்லை. நாலு தூண், தகரக் கூரை, ஒரே நேரத்தில் ஒரு பஸ் நிற்கிற இடம். அவருடைய அப்பா கானாடுகாத்தான் வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்தவர். வீரப்ப ஆசாரியும் முப்பது வயதுவரை அதைத்தான் செய்தார். பிறகு ஊரில் புது வீடு கட்டுகிறவர்கள் குறைந்து புது பஸ் விடுகிறவர்கள் கூடியதும், அவரும் பஸ்ஸுக்கு பாடி கட்டப் போய்விட்டார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

"கதவு நின்ன எடத்துலயே நிக்கும் தம்பி. பஸ்ஸு நாலு ஊர் பாத்துட்டுத் திரும்பி வருது. வந்து நமக்கும் சேதி சொல்லுது" என்பார்.

மர வேலையை அவர் முழுக்க விட்டுவிடவும் இல்லை. தெரிந்த வீடுகளில் கூப்பிட்டால் போவார். கூப்பிடுகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வீரப்பன் அளந்தா மறு அளவு கெடையாது." ஒரு முறை அளப்பார், ஒரு முறை அறுப்பார். அவர் அளந்ததை இன்னொருவர் அளந்து பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. கண்டனூரில் ஒரு கொத்தனார் அவர் வைத்த நிலையைத் தன் டேப்பால் அளந்து பார்த்தான் என்று, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பாதி நாளில் கிளம்பி வந்துவிட்டவர். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. பஸ்காரர்கள் வந்ததும் அந்தப் பெயருக்காகத்தான்.

நான் அவரை அறிந்தது மெய்யநாதன் செட்டியாரின் பஸ் ஆபீஸில் கிளார்க்காக இருந்தபோது. காளையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் எனக்கு. எங்கள் ஊரில் காலேஜ் படித்து முடித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி., கணிதம். தபால்காரர்கூட என் பெயரைச் சொல்லாமல் "பி.எஸ்ஸி. வீடு" என்றுதான் கேட்பார். அதை நான் ரசித்தேன், மறைப்பானேன்.

செட்டியாருக்கு ஒரே மகன், உடையப்பன். மெட்ராஸில் படிக்கப் போன இடத்தில் சோழவரத்தில் நடக்கும் கார் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பார்த்தது மட்டுமில்லை, நண்பர் ஒருவரின் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டியும் இருக்கிறார். ஒரே ஆள் உட்காரும் வண்டி அது. கூரை கிடையாது, சக்கரம் நாலும் வெளியே தெரியும், ஆள் அதற்குள் ஏறக்குறையப் படுத்துத்தான் ஓட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கென்று சின்ன எஞ்சின் வைத்த வண்டிகளுக்குத் தனிப் பந்தயம் உண்டு. அந்த வருஷம், அதாவது எழுபத்திரண்டு கடைசியிலிருந்து எழுபத்திமூன்று மாசிவரை, அப்படி மூன்று பந்தயம். முதலாவதும் கடைசியும் சோழவரத்தில், நடுவில் ஒன்று பெங்களூரில்.

செட்டியார் மகனைத் திட்டவில்லை. ஆபீஸில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னார்.

"மூணுல ஒண்ணுலயாவது மொத மூணு பேருக்குள்ள வா. வந்தீன்னா மேற்கொண்டு ஓட்டிக்க, நான் கேக்கல. வரலைன்னா பினாங்குல மாமா கடை இருக்கு. கப்பல் டிக்கெட்டு நான் எடுக்குறேன்."

"சரி அப்பச்சி" என்றார் உடையப்பன். அவருக்கு அப்போது இருபத்தொரு வயது. நல்ல உயரம். பேச்சு குறைவு.

எஞ்சின் பழைய பியட் கார் ஒன்றிலிருந்து வந்தது. செட்டியாரின் லாரி டிரைவர் கோட்டைச்சாமி எஞ்சின் வேலையில் கெட்டிக்காரர், அவர் அதைப் பார்த்துக்கொண்டார். சட்டத்துக்கும் தகட்டு உடம்புக்கும் மெட்ராஸிலிருந்து ஒரு வரைபடம் வாங்கி வந்திருந்தார்கள். அதை வீரப்ப ஆசாரியிடம் கொடுத்தார்கள். பந்தயச் சங்கத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவதும், ஸ்டாப் வாட்சைப் பிடித்து நேரம் குறிப்பதும் என் வேலை.

ஆசாரி வரைபடத்தை மூன்று நாள் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது நாள் சட்டத்துக்கு இரும்புக் குழாயை வளைக்கத் தொடங்கினார். நாற்பது நாளில் வண்டி தயாராகி நின்றது. அலுமினியத் தகட்டை அவர் தட்டித் தட்டி மடித்திருந்த அழகைப் பார்க்க, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களெல்லாம் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள்.

"இதுல எத்தன பேரு போகலாம் ஆசாரி?"

"ஒருத்தருதான்."

"ஒருத்தருக்கா இம்புட்டு வேலை? சைக்கிள் வாங்கிக் குடுத்திருக்கலாம்ல" என்றார் கோட்டைச்சாமி.

ஓட்டிப் பார்க்கச் செட்டிநாடு ஸ்டேஷனுக்கு அங்குட்டு, யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோனோம். ஆடுகளை ஓட்டிவிட்டு வண்டியை விட்டோம். நேரான தளம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை போய் உடையப்பன் திரும்பி வந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆசாரி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், அவ்வளவுதான்.

கார்த்திகையில் முதல் பந்தயம். லாரியில் வண்டியை ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு நாலு பேரும் போனோம். பன்னிரண்டு வண்டிகளில் உடையப்பன் ஒன்பதாவது.

தையில் பெங்களூர். பதினோரு வண்டிகளில் எட்டாவது.

நான் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறித்திருந்தேன். பெங்களூரில் தளத்தை மூன்று துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு நேரம் எடுத்தேன். கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தபோது விஷயம் தெளிவாகத் தெரிந்தது. நேர் ஓட்டத்தில் அவர் யாருக்கும் குறைவில்லை. இடது வளைவிலும் பரவாயில்லை. வலது வளைவு வந்தால் மட்டும், மற்றவர்களுக்கு நாற்பது கஜம் முந்தியே பிரேக் போட்டுவிடுகிறார். சுற்றுக்கு இரண்டு விநாடி அங்கேயே போய்விடுகிறது. எனக்குப் புரிந்த காரணம் ஒன்றுதான். பயம்.

ஊருக்குத் திரும்பும் வழியில், துவரங்குறிச்சிக்கு முந்தி ஒரு பம்புசெட்டில் காலையில் குளித்தோம். உடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினார். ஆசாரி கல்லில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்தினார்.

"தம்பி, முழங்காலு என்ன இப்பிடி?"

வலது முழங்காலின் உட்பக்கம் கைப்பிடி அளவுக்குக் கறுத்துக் கன்றிப்போயிருந்தது.

"அது ஒண்ணுமில்ல ஆசாரி. வலது பக்கம் ஒடிக்கும்போது கை கீழ எறங்குதுல்ல, அப்ப பிரேக்குல இருக்குற காலு மேல இருக்கும். ரெண்டும் இடிச்சுக்கும். ஸ்டீயரிங் பாதியில நிண்டுபோகும். அதுனால முன்னாடியே பிரேக்க முடிச்சுட்டு, காலக் கீழ போட்டுட்டுத்தான் ஒடிப்பேன்." வலது கையை நீட்டினார். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. "பந்தய வண்டின்னா நெருக்கமாத்தான் இருக்கும். எனக்குத்தான் ஒடம்ப மடக்கத் தெரியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதப்போயி என்ன சொல்றது. நீங்க அளந்து செஞ்சது."

ஆசாரி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். காரைக்குடிவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டைச்சாமி இரண்டு தடவை வம்பிழுத்துப் பார்த்துவிட்டு, "ஆசாரிக்குப் பெங்களூருக் குளிரு நாக்குல ஏறிப்போச்சு" என்று விட்டுவிட்டார்.

மறுநாள் பட்டறைக்கு ஏதோ ரசீது வாங்கப் போனேன். ஆசாரி வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். டேப்பின் ஒரு முனை முன் சக்கரத்து நடுவில் இருந்தது, மறு முனை பின் சக்கரத்து நடுவில்.

"இங்கன வந்து பாருங்க தம்பி. எத்தன?"

குனிந்து பார்த்தேன். "எண்பத்தொன்பது."

"படத்துல?"

சுவரில் இன்னும் ஒட்டியிருந்தது. "தொண்ணூறு. ஒரு அங்குலம் தப்பிப்போச்சா?"

"தப்பல. நாந்தான் கொறச்சேன்."

அப்புறம் சொன்னார். நிலை வைத்தாலும் கட்டில் செய்தாலும் ஆசாரிகள் மனையடிக் கணக்கு ஒன்று பார்ப்பார்கள். நீளத்தை மூன்றால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். மிச்சம் ஒன்று வந்தால் கொடி, இரண்டு புகை, மூன்று சிங்கம், நாலு நாய், ஐந்து காளை, ஆறு கழுதை, ஏழு யானை. மிச்சமே இல்லாவிட்டால் காகம். ஒற்றைப்படை நல்லது, இரட்டைப்படை ஆகாது. தொண்ணூறை மூன்றால் பெருக்கினால் இருநூற்றெழுபது, எட்டால் வகுத்தால் மிச்சம் ஆறு.

"கழுதை" என்றேன்.

"கழுதையில ஒரு வீட்டுப் பிள்ளைய ஏத்தி எப்பிடிப் பந்தயத்துக்கு விடுறது? எண்பத்தொம்பதுன்னா சிங்கம். எஞ்சினு பக்கம் கொறைக்க எடமில்ல. கால் வைக்கிற எடத்துல ஒரு அங்குலம் எடுத்தேன். ஒரு அங்குலந்தானேன்னு எடுத்தேன். அந்தத் தம்பி ஒசரத்த நான் பாக்கல. வண்டிய அளந்தேன், ஆள அளக்கல."

கட்டத்தாளில் வரைந்த என் கோடு நினைவுக்கு வந்தது. பயம் என்று நான் பெயர் வைத்தது ஒரு அங்குலம்.

"யார்கிட்டயும் சொல்லிப்புடாதீக" என்றார். "பத்து நாள் குடுங்க. அறுத்துத் தள்ளி வச்சு ஒட்டிப்புடுறேன். மாசியில பந்தயம். வண்டிய கொஞ்சம் சீர் பண்ணுனேன்னு சொல்லிக்கலாம். அளவுல தப்புன்னு வெளிய போச்சுன்னா நாளைக்கு எவன் தம்பி பட்டறை வாசல்ல வண்டிய நிறுத்துவான்?"

தலையாட்டினேன். அவர் மனைவி நாகவல்லி மோர் கொண்டுவந்து வைத்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "யாரு செத்துப்போனது?" என்று கேட்டார். ஆசாரி மோரை வாங்கிக்கொண்டார்.

ஆனால் பெங்களூரிலிருந்து வந்த அன்று மாலையே என் அறிக்கையைச் செட்டியார் மேஜையில் நான் வைத்துவிட்டிருந்தேன். நேரங்களும், கட்டத்தாளும், கீழே என் கையெழுத்தில் இரண்டு வரியும்: வலது வளைவில் ஓட்டுபவருக்குத் தயக்கம் இருக்கிறது, பழக்கத்தால் மாறும் என்று தோன்றவில்லை.

பட்டறையில் நான் டேப்பைப் பார்த்த அன்று சாயங்காலமே ஆள் வந்தது. செட்டியார் எங்களைக் கானாடுகாத்தான் வீட்டுக்கு வரச் சொல்கிறார், ஆசாரியையும் சேர்த்து.

முகப்பில் செட்டியார் உட்கார்ந்திருந்தார். உடையப்பன் தூணோரம் நின்றார். கோட்டைச்சாமி வாசல்படியில் இருந்தார். செட்டியார் கையில் என் தாள்.

"பி.எஸ்ஸி. எழுதிக் குடுத்திருக்கார். நான் மூணு தடவ படிச்சேன். வண்டி சரியா இருக்கு, எஞ்சின் சரியா இருக்கு. பிள்ளைக்கு வளைவுல பயம். பயப்படுறது தப்பில்ல. பயந்துக்கிட்டு அந்த வேகத்துல போறதுதான் தப்பு. மூணாவதுக்குப் போக வேணாம். ஆசாரி, எஞ்சினக் கழத்தி எடுத்துட்டு வண்டிய பட்டறையில ஓரமா வச்சுருங்க. அவன் சித்திரையில கப்பலேறட்டும்."

உடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்மேல்தான் குறை என்று அவரும் நம்பியிருந்தார்.

நான் வாயைத் திறக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் சொன்னால் ஆசாரியின் பெயர் போகும். சொல்லமாட்டேன் என்று தலையாட்டியும் இருந்தேன். ஆசாரி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அய்யா, பிள்ளைக்குப் பயமில்ல. வண்டி அளவுல தப்பு. ஒரு அங்குலம். நான் செஞ்சது."

செட்டியார் தாளைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீக?"

ஆசாரி எல்லாவற்றையும் சொன்னார். கழுதை, சிங்கம், முழங்கால், விரல் முட்டி எல்லாம். உடையப்பன் நிமிர்ந்து அவரையே பார்த்தார்.

"நான் கேட்டது வண்டி. நீங்க எதுக்கு மனை பாத்தீக?"

"ஆளு உள்ள இருக்குற எடமெல்லாம் மனைதான் அய்யா."

"அப்ப நம்ம பஸ்ஸுக்கும் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"அதுல எத்தன அங்குலம் கொறச்சீக?"

"கொறைக்கல. ரெண்டு அங்குலம் கூட்டுனேன். காளை."

வாசல்படியிலிருந்து கோட்டைச்சாமி, "அதான் முதலாளி, கண்டக்டரு பதினஞ்சு பேரக் கூட ஏத்துறான்" என்றார்.

செட்டியார் மகனைக் கூப்பிட்டு வேட்டியை விலக்கி முழங்காலைப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை, பார்த்தார்.

"சோழவரத்துக்குப் போ" என்றார். "ஆசாரி, வண்டிய நீங்களே சரி பண்ணிக் குடுங்க. ஆனா வர்ற புது பஸ்ஸு பாடி கட்டத் திருச்சிக்குப் போகட்டும். வருத்தப்படாதீக. அறுபது பேர் உக்காந்து போற வண்டி அது."

"சரிங்கய்யா."

"படத்துல உள்ளபடி தொண்ணூறு வைங்க."

அதுவரை தலையைக் குனிந்திருந்த ஆசாரி இதற்கு மட்டும் நிமிர்ந்தார். "கழுதையில மட்டும் ஏத்த மாட்டேன் அய்யா. தொண்ணூத்தொண்ணு வைக்கிறேன். கொடி."

செட்டியார் என்னைப் பார்த்தார். பந்தய விதிகளில் அதற்குத் தடையில்லை என்று சொன்னேன். உடையப்பன்தான் முடித்துவைத்தார். "தொண்ணூத்தொண்ணே இருக்கட்டும் ஆசாரி. காலு கொஞ்சம் நீட்டிக்கிறேன்."

காரைக்குடியில் சேதி பரவ இரண்டு நாள் போதுமாக இருந்தது. டீக்கடையில் ஆசாரியைக் கண்டால் "சிங்கம் வருதுப்பா, தள்ளி நில்லுங்க" என்றார்கள். கோவிலூரில் ஓர் ஆச்சி, நிலை செய்யச் சொல்லியிருந்தவர், இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள் விட்டு அனுப்பினார். நாகவல்லி மட்டும், "வீட்ல எனக்கு மனை பாத்துத்தான கட்டுனீக? அப்பறம் ஏன் அடுப்படியில தலைய இடிச்சுக்கிறேன்?" என்று கேட்டார். பல நாளைக்குப் பிறகு ஆசாரி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இந்தத் தடவை அவர் சட்டத்தை அறுத்துவிட்டு, உடையப்பனைத் தினமும் வரச் சொல்லி உள்ளே உட்காரவைத்தார். காலைத் தூக்கச் சொல்வார், கையை இறக்கச் சொல்வார், இடைவெளியில் தன் மூன்று விரலை விட்டுப் பார்ப்பார். "தம்பி, நெசமாச் சொல்லுங்க, இடிக்குதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். கடைசி நாளில் அந்த ஓடுதளத்தில் வைக்கோல் பிரி போட்டு வளைவு அமைத்து வலப்பக்கமாகவே அரை நாள் ஓட்டிப் பார்த்தோம்.

மாசியில் சோழவரம். நல்ல கூட்டம். ஆசாரி எங்களோடு நிற்கவில்லை. வலது வளைவுக்கு எதிரே வேலியோரம் போய், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் வாட்சோடு முடிவுக் கோட்டருகே நின்றேன்.

மூன்றாவது சுற்றிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு விநாடி திரும்பி வந்திருந்தது. ஏழாவதில் ஆறாம் இடம், பத்தாவதில் நாலாம் இடம். முன்னால் போன மூன்றாவது வண்டியோடு கடைசி மூன்று சுற்றும் ஒட்டிக்கொண்டே போனார். கடைசி வலது வளைவில் மற்றவர் பிரேக் போட்டார், உடையப்பன் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் போட்டார். வெளியே வந்தபோது அவர் முன்னால் இருந்தார். மூன்றாவது.

கோட்டைச்சாமி என் கையிலிருந்த வாட்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் வேலியோரம் போனேன்.

"கடைசியில இடிச்சுச்சா?" என்றார் ஆசாரி.

"மூணாவது வந்திருக்கார், ஆசாரி."

"அது தெரியும். பாத்தேன். கையி இடிச்சுச்சான்னு கேக்குறேன்."

உடையப்பன் வண்டியிலிருந்து இறங்கியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வலது கையை நீட்டிக் காட்டினார். விரல் முட்டிகளில் புதுக் காயம் இல்லை. ஆசாரி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்.

செட்டியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பினாங்குப் பேச்சு அத்தோடு நின்றது. உடையப்பன் அடுத்த இரண்டு வருஷம் அதே வண்டியை ஓட்டினார். ஆனால் அந்த வருஷத்துப் புது பஸ் திருச்சிக்குத்தான் போனது. ஆசாரியும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி கழிந்து ஆவணியில், கோவிலூர் ஆச்சி மறுபடி ஆள் அனுப்பினார். நிலை செய்ய வேண்டும், வர முடியுமா என்று. அன்று எனக்கு ஆபீஸ் விடுமுறை, நானும் கூடப் போனேன். ஆசாரி சுவரில் அளந்து கரிக்கோடு போட்டார். வழக்கமாக அதற்குமேல் அவருக்கு வேலையில்லை, மரத்துக்குப் போய்விடுவார். அன்று போகவில்லை. டேப்பை ஆச்சியிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒருக்க அளந்து பாருங்க ஆச்சி."

"நான் என்னத்த அளக்குறது? நீங்க அளந்தா சரிதான்."

"இல்ல. அளங்க."

ஆச்சி முந்தானையைச் செருகிக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, நிதானமாக அளந்தார். கால் அங்குலம் வித்தியாசம் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு முறை அளந்தேன். வாயைத் திறப்பதற்கு முன் இன்னொரு முறை அளந்தேன்.

"ஆச்சியோடதுதான் சரி" என்றேன்.

வீரப்ப ஆசாரி தாம் போட்ட கோட்டை விரலால் தேய்த்து அழித்துவிட்டு, ஆச்சி விரல் வைத்த இடத்தில் புதுக் கோடு போட்டார்.